தாய்க்கு ஒரு பேர்: முகாமில் வாழும் தாய்மாரும் பிள்ளைகளும்

தோட்டப்புறங்களில் "பேர்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒருவரை நாம் கூப்பிடும் பெயர் ஒன்று. மற்றது, ஒரு நாள் வேலைக்காகச் செக்றோலில் விழும் பதிவு. "இந்த மாதம் எத்தனை பேர்?" என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கேட்டால், எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பதே கேள்வி. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை.

மண்சரிவு, வெள்ளம் முதலான அனர்த்தங்களால் வீட்டை இழந்து பாடசாலையிலோ மூடிக்கிடக்கும் தொழிற்சாலையிலோ தங்கும்போது இந்தச் சொல்லுக்கு மூன்றாவது பொருளொன்றும் சேர்ந்துவிடுகிறது. அது நிவாரணப் பட்டியலில் உள்ள பேர். அரிசியும் பாயும் அந்தப் பேருக்குத்தான் வருகின்றன. பின்னர் காணியும் வீடும்கூட அதற்குத்தான். அந்தப் பட்டியலில் தாயின் பேர் எப்படி எழுதப்படுகிறது, அல்லது எழுதப்படாமல் விடப்படுகிறது என்பதே இந்தக் கற்கையின் விடயம். வயலையும் தோட்டத்தையும் விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களாகிய உங்களில் பலர் ஒருமுறையாவது அத்தகைய வரிசையில் நின்றவர்கள். ஆகவே உங்கள் அனுபவத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். குழுவாக வாசிப்பது மேலும் நல்லது.

மீரியபெத்தையில் நடந்தது

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. பதுளை மாவட்டத்தின் அல்தும்முல்லைப் பிரதேசத்தில், கொஸ்லாந்தைக்கு அருகே உள்ள மீரியபெத்தைத் தோட்டம். காலை ஏழரை மணியளவில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. அந்த நேரத்தில் பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் போயிருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்களில் பலர் மலைக்குப் புறப்பட்டுவிட்டார்கள். லயத்தில் எஞ்சியிருந்தவர்கள் மண்ணுக்குள் போனார்கள். பாடசாலைக்குப் போன பிள்ளைகள் சிலர் திரும்பிவந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

அந்த மலை பாதுகாப்பானதல்ல என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. மக்கள் ஏன் போகவில்லை என்று கொழும்பில் இருந்தவர்கள் கேட்டார்கள். லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை அங்கே குடியிருக்கலாம். அதை விட்டு எங்கே போவது, யார் காணியில் குடிசை போடுவது என்ற கேள்விக்கு எவரும் பதில் கொடுத்திருக்கவில்லை. போக இடம் காட்டாமல் "எழும்பிப் போங்கள்" என்று சொல்வதை முழுமையான எச்சரிக்கை என்று எம்மால் ஏற்க முடியாது.

இனி நாம் கவனிக்கவேண்டிய விடயத்துக்கு வருவோம். மண்சரிவின் பின் முதல் சில நாட்களில் காணாமற்போனவர்களின் தொகை முந்நூறு வரை சொல்லப்பட்டது. பிறகு அது நூற்றுத் தொண்ணூறு ஆகி, நூறு ஆகி, கடைசியில் அதைவிட மிகக் குறைந்தது. எவரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அன்று காலை எந்தக் காம்பராவில் எத்தனை பேர் இருந்தார்கள், யார் வேலைக்குப் போனார்கள், யார் கொழும்பில் இருந்தார்கள் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய பட்டியல் கைவசம் இருக்கவில்லை. செக்றோலில் தொழிலாளியின் பேர் இருக்கும். தொழிலாளி அல்லாத மனைவி, ஓய்வுபெற்ற பாட்டி, கைக்குழந்தை ஆகியோருக்கு அதில் இடமில்லை. உயிரோடு இருக்கும்போதே எண்ணப்படாதவர்களைச் செத்த பிறகு எண்ணிக்கொண்டிருந்தோம் என்பதே வெட்கத்துக்குரிய உண்மை.

உயிர் தப்பியவர்கள் முதலில் கொஸ்லாந்தையிலும் பூனாகலையிலும் உள்ள தமிழ்ப் பாடசாலைகளில் தங்கினார்கள். பாடசாலைகளை மீண்டும் நடத்த வேண்டியிருந்ததால், பல குடும்பங்கள் இயங்காமல் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஒரு மாதம், இரண்டு மாதம் என்ற பேச்சோடு தொடங்கியது ஏறத்தாழ இரண்டு வருடங்கள் நீடித்தது. மாக்கல்தெனியவில் கட்டப்பட்ட 75 வீடுகள் 2016 ஆம் ஆண்டிலேயே கையளிக்கப்பட்டன. மண்சரிவு அன்று வயிற்றில் இருந்த குழந்தை, நடக்கவும் பேசவும் தொழிற்சாலைக் கூடத்திலேயே கற்றுக்கொள்ளும் அளவுக்கு நீண்ட காலம் அது.

அதோடு முடியவில்லை. 2023 மார்ச் 19 ஆம் திகதி இரவு பூனாகலை, கபரகலைப் பகுதியில் மண் சரிந்து லயங்கள் சேதமாகின. மறுபடியும் பாடசாலை மண்டபம், மறுபடியும் பாய், மறுபடியும் பட்டியல். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா சூறாவளியில் நாடு முழுவதும் அறுநூறுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. ஆகவே முகாமைப் பற்றிப் படிப்பது ஊவாவில் பழைய கதையைப் படிப்பதாகாது.

யாருடைய பேர் எழுதப்படுகிறது?

முகாமில் முதலாவது இரவு யாராவது ஒரு கொப்பியை எடுத்துப் பேர் எழுதத் தொடங்குவார்கள். பெரும்பாலும் "குடும்பத் தலைவர் யார்?" என்பதே முதற் கேள்வி. கணவன் இருந்தால் அவர் பேர். மாமனார் இருந்தால் அவர் பேர். அதற்குப் பக்கத்தில் "அங்கத்தவர் 6" என்று ஓர் இலக்கம். அந்த ஆறுக்குள்தான் தாயும் பிள்ளைகளும் அடங்கியிருக்கிறார்கள்.

எல்லாம் நன்றாக இருக்கும்போது இதனால் பெரிய தீங்கில்லை. ஆனால் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். கணவன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறான், மூன்று மாதமாகப் பணம் அனுப்பவில்லை. அவள் மாமனாரின் காம்பராவில் இஸ்தோப்பை அடைத்துக்கொண்டு தனிச் சமையல் செய்தவள். முகாமில் மாமனாரின் பேரில் ஒரு குடும்பமாகப் பதியப்படுகிறாள். உலர் உணவுப் பொதி ஒன்று வருகிறது, இரண்டு அடுப்புக்கு. பின்னர் வீட்டுத்திட்டம் வரும்போது ஒரு குடும்பம், ஒரு வீடு. அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் மறுபடியும் ஓர் இஸ்தோப்பு. முதலாவது இரவு கொப்பியில் போட்ட கோடு இரண்டு வருடம் கழித்துச் சுவராக எழும்புகிறது.

இன்னொரு தாய் கணவனை விட்டுப் பிரிந்தவள், அல்லது சட்டப்படி பதிவுசெய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவள். இன்னொருத்தி தாய்வீட்டுக்கு வந்திருந்தபோது அனர்த்தத்தில் அகப்பட்டவள். அவளைத் தோட்டப் பட்டியலிலும் காணோம், புகுந்த ஊர்ப் பட்டியலிலும் காணோம். தற்காலிகத் தொழிலாளியாகக் கைக்காசுக்குக் கொழுந்து பறித்தவளுக்கும் இதே கதிதான்.

ஐக்கிய நாடுகள் சபை 1998 ஆம் ஆண்டில் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகளை வெளியிட்டது. அதில் முப்பது கோட்பாடுகள் உள்ளன. பதினெட்டாவது கோட்பாடு, நிவாரணப் பொருட்களைத் திட்டமிடுவதிலும் பகிர்வதிலும் பெண்களுக்கு முழுப் பங்கு வேண்டும் என்கிறது. இருபதாவது கோட்பாடு, ஆணைப் போலவே பெண்ணும் தேவையான பத்திரங்களைப் பெறவும், அவை அவளுடைய சொந்தப் பேரிலேயே வழங்கப்படவும் உரித்துடையவள் என்கிறது. இது நீதிமன்றத்தில் காட்டும் சட்டம் அல்ல. என்றாலும் அரச அதிகாரிகளும் தொண்டு நிறுவனங்களும் அறிந்த ஒன்று. பட்டியல் எழுத வருகிறவரிடம், "தங்கச்சி, இவளைத் தனிக் குடும்பமாக எழுதுங்கள், தனி அடுப்புத்தான்" என்று பக்கத்துப் பாயில் இருக்கும் ஓர் அக்கா சொன்னாலே போதும், பலமுறை காரியம் நடந்துவிடும். தாய் தானாகச் சொல்லக் கூச்சப்படுவாள். மாமனார் முன்னிலையில் சொல்லவே மாட்டாள். சமூகத்தின் ஆதரவு என்று நாம் சொல்வதில் முதலாவது இதுதான், இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

மலையக மக்களுக்குப் பத்திரம் என்றால் ஏன் இத்தனை பயமும் கவலையும் என்று பக்கத்துக் கிராமத்தவர்கள் சிலர் கேட்பதுண்டு. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கிடையே பங்குபோட்டது. எஞ்சியிருந்தோரின் பிரச்சினைக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து வருடங்கள். ஒரு துண்டுக் கடதாசி இல்லாததால் பிரிந்த குடும்பங்களை எங்கள் பாட்டிமார் கண்டவர்கள். ஆகவே வெள்ளத்தில் பானை போனதற்கு அழாத கிழவி அடையாள அட்டை போனதற்கு அழுதால் அதில் வியப்பில்லை.

அடையாள அட்டை தொலைந்தால் முதலில் பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை எடுத்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்துவார். தோட்டத்தில் வசிப்போருக்குத் தோட்ட அத்தியட்சகரும் உறுதிப்படுத்தலாம். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் தேடுவது எளிது. குழந்தையின் கிளினிக் புத்தகம், கர்ப்பிணித் தாயின் அட்டை ஆகியவை போயிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே சொல்ல வேண்டும். தடுப்பூசி எது போட்டது, எது போடவில்லை என்பது அவரிடமுள்ள பதிவிலும் இருக்கும். வாசிக்க எழுதத் தெரிந்த இரண்டு இளம் பிள்ளைகள் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் எந்தப் பத்திரம் இல்லை என்று குறித்துக்கொண்டால், பிரதேச செயலகத்துக்கு நாற்பது தாய்மார் நாற்பது நாள் பஸ் ஏற வேண்டியதில்லை. ஒரே நாளில் உத்தியோகத்தரை முகாமுக்கு அழைக்கலாம். நடமாடும் சேவை என்று இதையே சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சற்றுப் பேசுங்கள். நீங்கள் இடம்பெயர்ந்தபோது உங்கள் பேரை யார் எழுதினார்? உங்கள் வீட்டுப் பெண்களின் பேர் தனியாக எழுதப்பட்டதா? எழுதப்படாமையால் எவராவது எதையாவது இழந்தார்களா?

உடல் கிடைக்காத மரணம்

மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனவர்கள் எல்லோருடைய உடல்களும் கிடைக்கவில்லை. உடல் இல்லாதபோது மரணத்தைப் பதிவது வழமையான முறையில் எளிதல்ல. மரணச் சான்றிதழ் இல்லாவிட்டால் கணவனின் ஊழியர் சேமலாப நிதியையும் ஊழியர் நம்பிக்கை நிதியையும் கேட்க முடியாது. வங்கிப் புத்தகத்தைத் தொட முடியாது. அவள் விதவையும் அல்ல, சுமங்கலியும் அல்ல என்ற நிலை. டித்வாவின் பின், 2025 டிசம்பரில், அனர்த்தத்தில் காணாமற்போனவர்களுக்கு உடல் கிடைக்காவிட்டாலும் மரணச் சான்றிதழ் வழங்கப் பதிவாளர் நாயகம் திணைக்களம் விசேட ஏற்பாடு செய்தது. இதற்குக் கிராம உத்தியோகத்தரிடமே முதலில் செல்ல வேண்டும்.

ஆனால் ஒரு மனைவியிடம் போய், "சான்றிதழுக்கு எழுதிக் கொடு" என்று எவரும் அவசரப்படுத்தலாகாது. கையெழுத்து வைத்தால் தானே அவனைச் சாகடித்தது போல அவளுக்குத் தோன்றும். தோண்டுகிறவர்கள் இன்னும் தோண்டிக்கொண்டிருக்கும் போது அவள் எப்படிக் கையெழுத்து வைப்பாள்? அவளோடு போய் வர, அவளோடு இருந்து அழ, அவள் ஆயத்தமான நாளில் உத்தியோகத்தரிடம் கூட்டிச்செல்ல ஒருவர் தேவை. அது சொந்தக்காரியாக இருக்க வேண்டுமென்பதில்லை.

விவசாயக் குடும்பங்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரக் காணி வைத்திருப்போரின் பின்னுரித்து விடயத்தில், 1935 ஆம் ஆண்டிலிருந்து ஆண் பிள்ளைகளுக்கே முதலிடம் இருந்துவந்தது. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. பின்னுரித்தாளர் நியமனம் செய்யாதவர்கள் செய்துகொள்ளுங்கள். சேமலாப நிதியிலும் அவ்வாறே பின்னுரித்தாளரைப் பதிந்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கலியாணத்துக்கு முன் தாயின் பேரை எழுதிவிட்டுப் பிறகு மாற்றாமல் விட்டவர்கள் பலர்.

மண்டபமும் தொழிற்சாலைக் கூடமும்

மனிதாபிமான உதவிக்கென்று உலக நிறுவனங்கள் பல சேர்ந்து வகுத்த அளவுகள் சில உண்டு. ஸ்பியர் அளவுகள் என்று அவற்றைச் சொல்வார்கள். ஒருவருக்குக் கூரைக்குக் கீழே குறைந்தது 3.5 சதுர மீற்றர் இடம், அதாவது ஏறக்குறைய 38 சதுர அடி. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர். தொடக்கத்தில் 50 பேருக்கு ஒரு மலசலகூடம், பின்னர் 20 பேருக்கு ஒன்று. ஆண்களுக்கு ஒன்றென்றால் பெண்களுக்கு மூன்று.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். பழைய லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி, 120 சதுர அடி. இந்த அளவின்படி அதில் மூன்று பேரே இருக்கலாம். நாங்கள் ஏழு பேர், எட்டுப் பேர் இருந்தோம். அனர்த்த முகாமுக்கு உலகம் விதித்த குறைந்த அளவுக்கும் கீழேதான் நூற்றைம்பது வருடமாக எங்கள் சாதாரண வாழ்க்கை இருந்திருக்கிறது. முகாமில் இட நெருக்கடி பற்றித் தாய்மார் வாய்திறந்து முறையிடாததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர்கள் முறையிடாததால் குறையில்லை என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டு போகக்கூடாது.

கூடத்தில் சேலைகளையோ சாக்குகளையோ கட்டித் தடுப்புப் போடும்போது, பாலூட்டும் தாய்மாருக்கு ஒரு மூலை முதலில் ஒதுக்கப்பட வேண்டும். நாலு பேர் பார்க்கப் பாலூட்டக் கூச்சப்படும் தாய்க்குப் பால் வற்றிவிட்டதாக மற்றவர்கள் முடிவுசெய்து பால்மா ரின்னைக் கொடுத்துவிடுவார்கள். நல்ல மனதோடு கொடுக்கும் அந்த ரின்னும் போத்தலும் முகாமில் மிக ஆபத்தானவை. கொதித்த தண்ணீர் இல்லை, போத்தலை அவிக்க விறகு இல்லை, இரண்டு நாளில் குழந்தைக்கு வயிற்றோட்டம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. தாய்க்கு இன்னும் ஒரு நேரச் சாப்பாடும் நிறையத் தண்ணீரும் கொடுத்து, மறைவான இடமும் கொடுத்தால் பால் சுரக்கும். உண்மையிலேயே தாய் இல்லாத குழந்தை என்றால் குடும்பநல உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் உரிய திரிபோஷா, முகவரி மாறியதால் நின்றுபோகாமல் பார்ப்பதும் அவரிடம் கேட்கவேண்டிய விடயம்.

இரவு விடயத்தை வெளிப்படையாகவே பேசவேண்டும். மலசலகூடம் கட்டடத்துக்கு வெளியே, இருட்டில், ஆண்கள் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் வழியில் இருந்தால், பெண்கள் பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். சிறுநீர் வருத்தம் வரும், பாலும் குறையும். ஒரு மின்குமிழ், உள்ளே பூட்டக்கூடிய கொண்டி, இரண்டிரண்டு பேராகப் போகும் வழக்கம், இரவுக்கு முறை வைத்து விழித்திருக்கும் இரண்டு பெரிய பெண்கள் ஆகியவை இருந்தால் நிலைமை பாதி மாறிவிடும். சாராயமும் கசிப்பும் வாசலுக்கு உள்ளே வரக்கூடாது என்ற தீர்மானத்தை முகாம் குழு முதலாவது கிழமையிலேயே எடுக்க வேண்டும். அந்தக் குழுவில் சங்கத் தலைவர்மாரோடு மாதர் தலைவியும், தனித்து வாழும் தாய்மாரில் ஒருவரும் இருப்பது அவசியம். குழுவில் பெண்கள் இல்லாத முகாமில் சனிட்டரி துணியைப் பற்றி எவரும் கேட்கமாட்டார்கள். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929, அனர்த்தத்துக்கு 117 ஆகிய அரச தொலைபேசி இலக்கங்களைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதிவையுங்கள்.

பிள்ளைகள்

ஒரு பெரிய அனர்த்தம் நடந்தால் பிள்ளைகளைக் கேட்டு ஆட்கள் வருவார்கள். சிலர் உண்மையான இரக்கத்தோடு வருவார்கள். சிலர் கொழும்பில் படிக்கவைக்கிறோம் என்பார்கள், பிள்ளை போய்ச் சேரும் இடம் ஒரு குசினியாக இருக்கும். மலையகப் பெண்பிள்ளைகள் இவ்வாறு போன கதைகள் எங்களுக்குப் புதியவை அல்ல. தாய்தந்தையை இழந்த பிள்ளை முதலில் பாட்டி, சித்தி, மாமா என்று இரத்த உறவோடு இருக்கவேண்டும். அந்த உறவு ஏழையாக இருந்தால் உறவுக்கு உதவுவதே முறை. ஏழை என்பதற்காகப் பிள்ளையைப் பிரித்து விடுதியில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்கலாம். மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தருக்குத் தெரியாமல் எந்தப் பிள்ளையும் எவருடனும் முகாமை விட்டுப் போகக்கூடாது.

தாய் வேலைக்குப் போகவேண்டும். முகாம் தோட்டத்திலிருந்து தூரமாக இருந்தால் விடியவே நடந்தால்தான் பேர் விழும். பிள்ளையை யாரிடம் விடுவது? தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா மண்ணுக்கடியில் இருக்கலாம். முகாமின் ஒரு பக்கத்தில் பாய் விரித்து, வேலைக்குப் போகாத ஆயாமார் இரண்டு பேர் முறைவைத்துப் பார்த்துக்கொண்டால் அதுவே பிள்ளைக் காம்பரா. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் உத்தியோகத்தர்களிடம் விளையாட்டுப் பொருட்களும் மதிய உணவும் கேட்கலாம். பாடசாலை வயதுப் பிள்ளைகளை மறுநாளே ஏதாவது ஒரு பாடசாலையில் உட்காரவைக்க வேண்டும். சீருடை இல்லை, சப்பாத்து இல்லை, சான்றிதழ் இல்லை என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம். அதிபரோடு பேசினால் வழி பிறக்கும். "முகாம் பிள்ளை" என்று வகுப்பில் கூப்பிடும் வழக்கத்தை ஆசிரியர்கள் முளையிலேயே கிள்ளிவிட வேண்டும். அந்தப் பேர் இரண்டு வருடம் ஒட்டிக்கொள்ளும்.

லொறிகள் நின்ற பிறகு

மீரியபெத்தைக்கு முதல் இரண்டு கிழமைகளில் நாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் லொறிகள் வந்தன. கோவில், பன்சலை, தேவாலயம், பள்ளிவாசல் என்ற வேறுபாடு இல்லாமல் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கொண்டுவந்து இறக்கினார்கள். அதை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் எந்த அனர்த்தத்திலும் மூன்றாவது மாதம் என்று ஒன்று இருக்கிறது. பத்திரிகைக்காரர் போய்விடுவார்கள், பழைய உடுப்பு மலைபோல் குவிந்திருக்கும், மண்ணெண்ணெய் இருக்காது. ஒரு குளிர்கால மாலையில் பிள்ளைக்குச் சளி இறுகும். அந்த நேரத்தில் உதவக்கூடியவர்கள் பக்கத்து லயத்தவரும் பக்கத்துக் கிராமத்தவருமே.

அவர்களிடம் இதற்கான அமைப்பு ஏற்கெனவே உண்டு. ஊவாவின் கிராமங்களிலும் தோட்டங்களிலும் மரண உதவிச் சங்கங்கள் இருக்கின்றன. படங்கு, கதிரை, பெரிய அண்டா, பெற்றோல்மாக்ஸ், மாதச் சந்தாப் புத்தகம் எல்லாம் அவர்களிடம் இருக்கும். செத்த வீட்டுக்கு யார் விறகு கொண்டுவருவது, யார் தேத்தண்ணீர் ஊற்றுவது என்ற முறைப் பட்டியலும் அவர்களுக்குப் பாடம். அந்த ஒழுங்கையே உயிரோடிருப்பவர்களுக்கும் திருப்பினால் என்ன? ஒரு லயத்துக்கு ஒரு முகாம் குடும்பம் என்று பொறுப்பு எடுத்து, கிழமையில் ஒருநாள் கிளினிக்குக்கு அவளோடு போவது, சந்தைக்குப் போகும்போது அவளுக்கும் மரக்கறி கொண்டுவருவது, அவளையும் சீட்டில் சேர்த்துக்கொள்வது. சீட்டில் சேர்ப்பது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஒருத்தியைச் சீட்டில் சேர்ப்பதென்றால் அவள் நாளையும் இங்கேதான் இருப்பாள், கொடுத்ததைத் திருப்பித் தருவாள் என்று ஊர் நம்புகிறதென்று பொருள். பிச்சைப் பொதியை வாங்கி வாங்கி மரத்துப்போன கைக்கு அது மருந்து.

விவசாயக் குடும்பங்களுக்கு இதில் தனியான இடம் உண்டு. பண்டாரவளை, வெலிமடைப் பக்கங்களில் உமா ஓயாச் சுரங்க வேலையால் 2014 டிசம்பருக்குப் பின் கிணறு வற்றி, சுவர் வெடித்து நின்ற கமக்காரர்களுக்கு, வீடு இருந்தும் வீடற்றிருப்பது என்னவென்று தெரியும். தோட்டத்துத் தாய்க்கு ஒரு துண்டு நிலத்தில் போஞ்சியும் கோவாவும் போடக் கற்றுக்கொடுக்கவும் விதை கொடுக்கவும் அவர்களால் முடியும். முகாமைச் சுற்றியுள்ள வெறுந்தரையில் கீரைப் பாத்தி போட எவரிடமும் அனுமதிக் கடிதம் தேவையில்லை. கேட்டுப் போட்டால் நல்லது, அவ்வளவுதான்.

உறுதிப் பத்திரம்

டித்வாவின் பின் 2025 டிசம்பரில், வீட்டை முழுமையாக இழந்தவர்களுக்கு ஐம்பது இலட்சம் ரூபாய் வரை வழங்குவதாக அரசாங்கம் அறிவித்தது. உடனே மலையகத்தில் எழுந்த கேள்வி இதுதான்: லயக் காம்பராவை இழந்தவர் வீட்டை இழந்தவரா? சொந்தமில்லாத ஒன்றை ஒருவர் எப்படி இழக்க முடியும் என்று சட்டம் கேட்கும். நான்கு தலைமுறை பிறந்து வளர்ந்த இடம் என்று மக்கள் சொல்வார்கள். இந்தக் கேள்விக்கு விடை காணியில் இருக்கிறது. தோட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்ற கொள்கை 2015 ஆம் ஆண்டிலிருந்து பேசப்பட்டு, ஓரளவு செயற்படுத்தவும் பட்டது. ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. பழைய காம்பராவைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல்.

இதில் எங்கள் கவனம் ஒன்றே. உறுதி யார் பேரில் எழுதப்படுகிறது? கணவன் பேரில் மட்டும் எழுதினால், அவன் குடித்து ஈடு வைத்தாலும், வேறொருத்தியோடு போனாலும், பிள்ளைகளின் கூரை அவன் கையெழுத்தில் தொங்கும். இருவர் பேரிலும் எழுதும்படி கேட்கலாம். தனித்து வாழும் தாய் என்றால் அவள் பேரிலேயே கேட்கலாம். கேட்காவிட்டால் வழமைப்படி ஆண் பேரே விழும். உறுதியோடு ஒரு முகவரியும் கிடைக்கிறது. தோட்டக் கந்தோர் மேசையில் கிடந்து தொலையும் கடிதம், இனி வீட்டு வாசலுக்கு வரும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் உள்ள பத்திரங்களை ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் போட்டுக்கொண்டு வாருங்கள். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், கிளினிக் புத்தகம், சேமலாப நிதி இலக்கம், காணி அனுமதிப்பத்திரம் எல்லாவற்றையும். எதெது வீட்டுப் பெண்ணின் பேரில் இருக்கிறது, எதெது இல்லை என்று ஒரு தாளில் இரண்டு நிரலாக எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுக்கட்டும். மழைக்காலம் தொடங்குமுன் அந்தப் பை கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவேண்டும்.